டாக்டர் மேற்பார்வையில் ஊக்கமருந்தை அனுமதித்தால் என்ன?

இங்கே தென்னாப்பிரிக்காவில், சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு அப்பா கேட்டிருக்கிறார். மகனுக்குப் பதினாறு வயது, பள்ளிக்காக 400 மீட்டர் ஓடுகிறான். ஜிம்மில் பழக்கமான ஒருவன் "ஒரு கோர்ஸ் போட்டுப் பார், மூன்று மாதத்தில் வித்தியாசம் தெரியும்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறானாம். மகன் வீட்டுக்கு வந்து வாதம் செய்கிறான்: ஆயிரக்கணக்கான ராண்ட் கொடுத்து கார்பன் தகடு வைத்த ஷூ போடலாம், மலை ஊருக்குப் போய்ப் பயிற்சி செய்யலாம், ஆக்ஸிஜனைக் குறைத்த கூடாரத்தில் படுத்துத் தூங்கலாம், அதெல்லாம் நியாயம், ஊசி மட்டும் அநியாயமா? எல்லாரும் எடுக்கட்டும், டாக்டர் பார்த்துக்கொள்ளட்டும், அப்புறம் யார் யாரை ஏமாற்றுகிறார்கள்? அப்பாவுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பையனுக்கு ஆஸ்துமா வேறு, இன்ஹேலரும் ஊக்கமருந்துக் கணக்கில் வருமா என்றும் கேட்கிறார்.

நான் டர்பனில் மருந்தாளராக இருக்கிறேன், விளையாட்டு வீரர்களின் மருந்துச் சீட்டுகளை விதிகளோடு ஒத்துப் பார்த்துச் சொல்வது என் வேலையில் ஒரு பகுதி. அந்த இடத்திலிருந்து சொல்கிறேன்.

அண்ணா, உங்கள் மகனுடைய கேள்வி நல்ல கேள்வி, அவனை அதட்டி உட்கார வைக்காதீர்கள். "இயற்கையானது சரி, செயற்கையானது தப்பு" என்று பதில் சொன்னீர்களானால் அடுத்த நிமிடமே அவன் ஜெயித்துவிடுவான். பின்லாந்தில் ஈரோ மாண்டிரான்டா என்ற பனிச்சறுக்கு வீரர் இருந்தார். 1960, 1964 ஒலிம்பிக் போட்டிகளில் மூன்று தங்கம் வாங்கினார். அவருடைய குடும்பத்தில் ஒரு மரபணு மாற்றம் பரம்பரையாக இருந்தது, அதனால் அவர் ரத்தத்தில் ஹீமோகுளோபின் மற்றவர்களைவிட மிக அதிகம். எரித்ரோபொயட்டின், சுருக்கமாக இபிஓ என்ற, ரத்தச் சிவப்பணுவைக் கூட்டும் ஊசியைப் போட்டுக்கொண்டு சைக்கிள் வீரர்கள் எதைத் தேடினார்களோ அது அவருக்குப் பிறப்பிலேயே கிடைத்திருந்தது. ஆக, பிறப்பில் வந்த அனுகூலத்துக்கு மாலை, ஊசியில் வந்தால் தடை. இயற்கை என்ற சொல்லை வைத்து இதை நியாயப்படுத்த முடியாது. காபியையே எடுத்துக்கொள்ளுங்கள், கஃபீன் ஓட்டத்துக்கு உண்மையிலேயே உதவுகிறது, ஒரு காலத்தில் அளவு வைத்துத் தடை செய்திருந்தார்கள், 2004-இல் அந்தத் தடையை எடுத்துவிட்டார்கள்.

உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் விதிப்படி, ஒரு பொருள் தடைப் பட்டியலுக்குள் வர மூன்று கேள்விகளில் இரண்டுக்கு ஆம் என்று பதில் வர வேண்டும்: திறனைக் கூட்டுகிறதா, உடம்புக்குக் கேடா, விளையாட்டு உணர்வுக்கு எதிரானதா. (2015-இல் நடைமுறைக்கு வந்த விதித் தொகுப்பை 2013 நவம்பரில் நம் ஜோஹனஸ்பர்க்கில் கூடித்தான் நிறைவேற்றினார்கள்.) மூன்றாவது கேள்வி வழுவழுப்பானது, யார் கையில் இருக்கிறதோ அவர்களுக்கு ஏற்றபடி வளையும். அதனால் நான் வேறொரு கேள்வியைப் பிடித்துக்கொள்கிறேன். ஒன்றை அனுமதித்துவிட்டால், அது எனக்கு வேண்டாம் என்று நினைக்கிற ஆளின் கதி என்ன? அவன் எதைக் கொடுத்து அந்த "வேண்டாம்" என்ற சொல்லைக் காப்பாற்ற வேண்டியிருக்கும்?

ஷூவை இந்தக் கேள்வியில் வைத்துப் பாருங்கள். 2017-இல் வந்த நைக்கி வேப்பர்ஃபிளை ஓடுவதற்குச் செலவாகும் சக்தியைச் சராசரியாக நான்கு சதவீதம் குறைத்தது, ஆய்வுக்கூடச் சோதனையிலேயே அது தெரிந்தது. மாரத்தானில் நான்கு சதவீதம் என்பது பெரிய விஷயம். 2019 அக்டோபரில் வியன்னாவில் எலியூட் கிப்சோகே 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் ஓடியதும் அப்படிப்பட்ட ஒரு ஷூவில்தான் (வேகம் பிடித்துக் கொடுக்க ஆட்கள் மாறி மாறி வந்ததால் அது உலக சாதனையாகக் கணக்கில் சேரவில்லை). இதற்கு மறு ஆண்டே விதி வந்தது: அடிப்பாகம் 40 மில்லிமீட்டருக்கு மேல் கூடாது, தகடு ஒன்றுதான் இருக்கலாம், கடையில் விற்பனைக்கு வந்திருக்க வேண்டும். நீச்சலில் இதைவிட மோசமாக இருந்தது, 2009 ரோம் உலகப் போட்டியில் பாலியூரிதேன் உடை போட்டுக்கொண்டு 43 உலக சாதனைகள், 2010 ஜனவரியில் அந்த உடைகளுக்குத் தடை. இதில் அநியாயம் இல்லையா என்றால் இருக்கிறது. ஷூ வாங்க முடியாத பிள்ளை பின்தங்குகிறான், சாட்ஸ்வொர்த்திலும் உம்லாசியிலும் இருக்கிற பெற்றோருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த அநியாயத்தைப் பணத்தால் சரிசெய்யலாம், அளவுகோலால் சரிசெய்யலாம். தடை வந்த மறுநாள் உடையைக் கழற்றி வைத்தார்கள், யாருடைய கல்லீரலும் அதனால் கெட்டுப்போகவில்லை.

மலை விஷயம் இன்னும் சிக்கல். ஜோஹனஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரம், டர்பன் கடற்கரை. அங்கே பிறந்த பிள்ளைக்கு அந்தக் காற்று இலவசம். உயரத்தில் ஆக்ஸிஜன் குறைய, சிறுநீரகம் இபிஓவைச் சுரக்கிறது, எலும்பு மஜ்ஜை சிவப்பணுக்களைக் கூட்டுகிறது. கூடாரத்தில் தூங்கினாலும் இதே வேலைதான், அதைத் தடை செய்யலாமா என்று 2006-இல் முகமை யோசித்துவிட்டு விட்டுவிட்டது. ஊசியும் அதே சிவப்பணுவைத்தான் கூட்டுகிறது என்பான் உங்கள் மகன். சரிதான், ஆனால் மலையில் உடம்பு தன் பிரேக்கைத் தானே வைத்திருக்கிறது: தேவையான அளவு வந்ததும் சுரப்பு குறையும். ஊசியில் அந்தப் பிரேக் கிடையாது, எவ்வளவு ஏற்றுகிறோமோ அவ்வளவும் ஏறும், ரத்தம் தடித்துக் கட்டி பிடிக்கும் அபாயம் கூடிக்கொண்டே போகும்.

இங்கேதான் "டாக்டர் பார்த்துக்கொள்ளட்டும்" என்ற வாதம் வருகிறது, அதை இலேசாகத் தள்ளிவிடக் கூடாது. தத்துவப் பேராசிரியர் ஜூலியன் சவுலெஸ்கு 2004-இலேயே சக ஆய்வாளர்களோடு சேர்ந்து இதை எழுதினார்: மருந்தைத் தேடிப் பிடிப்பதை விட்டுவிட்டு, உடம்பு பாதுகாப்பான அளவுக்குள் இருக்கிறதா என்று மட்டும் சோதியுங்கள், ரத்தத்தில் சிவப்பணு விகிதம் 50 சதவீதத்துக்குள் இருந்தால் விட்டுவிடுங்கள் என்று. இப்போது ஊக்கமருந்தை வெளிப்படையாக அனுமதித்து லாஸ் வேகஸில் போட்டி நடத்துவதாக அறிவித்தவர்கள் பேசுவதும் ஏறக்குறைய இதுதான், பரிசுத் தொகையும் பெரிது.

இதை ஏற்கெனவே செய்து பார்த்தாகிவிட்டது என்பதுதான் என் பதில். சைக்கிள் பந்தயத்தில் இபிஓவைக் கண்டுபிடிக்கச் சோதனை இல்லாத காலத்தில், 1997-இல் சர்வதேச சைக்கிள் சங்கம் இதே 50 சதவீத வரம்பை வைத்தது. என்ன நடந்தது? அந்த வரம்பே இலக்காகிவிட்டது. அணிகள் சின்ன மையவிலக்குக் கருவியைப் பையில் வைத்துக்கொண்டு வீரர்களை 50-க்கு ஒட்டி நிறுத்தின, அளவு மீறினால் சோதனைக்கு முன் உப்புநீர் ஏற்றி ரத்தத்தை இளக்கின. இயற்கையிலேயே 48 இருந்தவனுக்கு இதில் பெரிய லாபம் இல்லை, 40 இருந்தவன் திடீரென்று சாம்பியன் ஆனான். மருந்துக்கு யார் உடம்பு நன்றாக ஒத்துழைக்கிறதோ அவன் ஜெயித்தான். ஒன்றும் எடுக்காமல் ஓட்ட நினைத்தவர்கள் வேறு வேலை தேடிக்கொண்டார்கள், அவர்கள் பெயர் இன்று யாருக்கும் தெரியாது.

டாக்டர் மேற்பார்வையைப் பற்றி இன்னொன்று. வரலாற்றிலேயே மிகக் கச்சிதமான மருத்துவ மேற்பார்வையோடு நடந்த ஊக்கமருந்துத் திட்டம் கிழக்கு ஜெர்மனியில் நடந்தது. 1974-இல் தொடங்கிய அரசுத் திட்டம், எண் 14.25. பத்தாயிரம் பேர்வரை அதில் சிக்கியிருக்கலாம் என்பது கணிப்பு, பலர் சிறுமிகள். டூரினபால் என்ற ஆண் ஹார்மோன் மாத்திரையை வைட்டமின் என்று சொல்லிக் கொடுத்தார்கள். அளவு எழுதினார்கள், ரத்தம் எடுத்தார்கள், கோப்பு வைத்தார்கள், எல்லாம் டாக்டர்கள்தான். 1986-இல் ஐரோப்பிய குண்டு எறிதல் சாம்பியனான ஹைடி கிரீகருக்கு அந்த மருந்துகள் செய்த சேதம் வாழ்நாள் முழுக்கத் தொடர்ந்தது. 2000-இல் பெர்லின் நீதிமன்றம் விளையாட்டுத் துறைத் தலைவர் மான்ஃபிரெட் எவால்டையும் மருத்துவர் ஒருவரையும் உடற்காயம் விளைவித்ததற்கு உடந்தை என்று தண்டித்தது, சிறை கிடையாது, நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை. டாக்டர் யாருக்காக வேலை செய்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பதக்கம் கேட்கிறவர் சம்பளம் கொடுத்தால், அவர் எதிரே உட்கார்ந்திருப்பவர் நோயாளி இல்லை, பொருள்.

இதையெல்லாம் பையனிடம் சொல்லுங்கள். ஆனால் அவன் இன்னும் கூர்மையானவனாக இருந்தால் கடைசியாக ஒன்றைக் கேட்பான், அதற்கு எனக்கே முழுப் பதில் கிடையாது, அதனால் அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

2012 லண்டன் ஒலிம்பிக், பெண்கள் 800 மீட்டர் இறுதி. முதலாவதாக வந்தவர் ரஷ்யாவின் மரியா சவினோவா. இரண்டாவது நம் லிம்போபோவின் காஸ்டர் செமென்யா. 2017-இல் சவினோவா ஊக்கமருந்து எடுத்தது நிரூபணமாகி, தங்கம் செமென்யாவுக்கு வந்தது. அந்தச் சமயத்தில் செமென்யாவும் மருந்து எடுத்துக்கொண்டுதான் ஓடினார், உடம்பில் இயல்பாகச் சுரந்த டெஸ்டோஸ்டிரோனைக் குறைப்பதற்காக. 2009-இல் பெர்லினில் பதினெட்டு வயதில் 1 நிமிடம் 55.45 விநாடியில் உலகப் பட்டம் வென்றதும் அவர் உடம்பை உலகமே நின்று ஆராய்ந்தது, அதன் பிறகு தடகள அமைப்பு வைத்த நிபந்தனைப்படி 2010-இலிருந்து 2015 வரை மாத்திரை. உடல் எடை கூடியது, பீதி வந்து ஆட்டியது என்று பின்னாளில் அவரே சொன்னார். ஒரே ஓடுபாதையில் ஒருத்தி ஏற்றிக்கொள்ள மருந்து எடுத்தாள், அவளுக்குத் தண்டனை. இன்னொருத்திக்கு இறக்கிக்கொள்ள மருந்து கட்டாயம், எடுக்காவிட்டால் தண்டனை. ஆரோக்கியமான உடம்பில் பந்தயத்துக்காக மருந்தைத் திணிக்கக் கூடாது என்பதுதான் ஊக்கமருந்துத் தடையின் அடிநாதம் என்றால், இரண்டாவதை எப்படி நியாயப்படுத்துவது?

2019 மே மாதம் விளையாட்டு நடுவர் மன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில், டெஸ்டோஸ்டிரோனைக் குறைக்கச் சொல்லும் விதி பாகுபாடுதான், ஆனாலும் பெண்கள் பிரிவைக் காக்கத் தேவையான பாகுபாடு என்று தீர்ப்புச் சொன்னது. அதற்குச் சில நாட்கள் முன்னால் உலக மருத்துவச் சங்கம், நோய் இல்லாத ஒருவருக்கு இப்படி மருந்து எழுத வேண்டாம் என்று மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டது. 2023-இல் டெஸ்டோஸ்டிரோன் வரம்பு பாதியாகக் குறைக்கப்பட்டு எல்லாப் பந்தயங்களுக்கும் விரிந்தது. 2025 ஜூலையில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பெரும் அமர்வு, சுவிட்சர்லாந்து நீதிமன்றத்தில் செமென்யாவுக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்றது. அதே ஆண்டு செப்டம்பரிலிருந்து உலகத் தடகள அமைப்பு, ஆணாக வளரத் தூண்டும் எஸ்ஆர்ஒய் என்ற மரபணு இருக்கிறதா என்று பெண்கள் பிரிவில் ஒருமுறைச் சோதனையைக் கட்டாயமாக்கிவிட்டது. அந்த மரபணுவை 1990-இல் கண்டுபிடித்த ஆண்ட்ரூ சின்கிளேரே, இதை வைத்துப் பாலினத்தைத் தீர்மானிக்காதீர்கள் என்று எழுதினார்.

தமிழர்களுக்கு இது வெளிநாட்டுக் கதையும் இல்லை. புதுக்கோட்டை மாவட்டத்துக் கூலிக் குடும்பத்திலிருந்து வந்த சாந்தி சௌந்தரராஜன் 2006 தோஹா ஆசிய விளையாட்டில் இதே 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். பாலினச் சோதனை என்று சொல்லிப் பதக்கத்தைப் பறித்தார்கள். அவர் எதையும் எடுக்கவில்லை, யாரையும் ஏமாற்றவில்லை, தன் உடம்பில் என்ன இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. பிறகு செங்கல் சூளையில் கூலிக்குப் போனார். செமென்யாவுக்காக ஒரு நாடே எழுந்து நின்றது, சாந்திக்காக அப்படி யாரும் எழவில்லை என்பது இன்றும் என் நெஞ்சில் கிடக்கிறது.

ஏன் இந்த நாடு எழுந்தது என்பதும் உங்கள் தலைமுறைக்குத் தெரியும், மகனுக்குத் தெரியாமல் இருக்கலாம், சொல்லுங்கள். தலைமுடிக்குள் பென்சிலைச் செருகி, விழுகிறதா நிற்கிறதா என்று பார்த்து ஒரு மனிதரின் இனத்தை எழுதிய நாடு இது. 1963-இல் நேட்டால் ஓப்பன் கோல்ஃப் பட்டத்தை வென்ற பப்வா செவ்கோலம் இந்தியர் என்பதால் கிளப் கட்டடத்துக்குள் கால் வைக்க முடியாமல் வெளியே நின்று கோப்பையை வாங்கினார். அதிகாரி ஒருவர் உடம்பைச் சோதித்து "நீ இந்த வரிசையில் சேர மாட்டாய்" என்று சொல்வதைக் கண்ட மக்களுக்குச் செமென்யாவின் சோதனை அறை எதை நினைவுபடுத்தியிருக்கும்!

அதற்காகப் பெண்கள் பிரிவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த எல்லை இல்லாவிட்டால் பெண்களால் இறுதிப் போட்டிக்கே வர முடியாது, செமென்யாவுக்குப் பின்னால் ஓடியவர்களின் வருத்தமும் உண்மையானதுதான். எல்லையை எங்கே போடுவது என்பதில் நேர்மையானவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: நோயில்லாத பெண்ணிடம் "மாத்திரை போடு, இல்லாவிட்டால் ஓடாதே" என்பதும், பதினாறு வயதுப் பையனிடம் "ஊசி போடு, இல்லாவிட்டால் அணியில் இடமில்லை" என்பதும் ஒரே கொடுமை. ஒன்றில் அதிகாரி சொல்கிறார், மற்றதில் போட்டி சொல்கிறது.

ஆஸ்கர் பிஸ்டோரியஸின் கார்பன் கால்களைப் பற்றியும் பையன் கேட்பான். (அந்த மனிதர் பின்னால் செய்தது கொலை, அதை மறந்து பேச முடியாது.) 2008-இல் அவருக்குத் தடை வந்து, நடுவர் மன்றம் அதை நீக்கி, 2012-இல் லண்டன் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் அரையிறுதி வரை ஓடினார். சில வாரங்கள் கழித்துப் பாராலிம்பிக் 200 மீட்டரில் பிரேசிலின் அலன் ஒலிவெய்ராவிடம் தோற்றதும், அவருடைய கால்தகடுகள் நீளம் என்று குறை சொன்னார். கருவி விஷயத்தில் அவரவர் நிற்கிற இடத்தைப் பொறுத்து நியாயம் மாறுகிறது. அதனால்தான் அளவை முன்கூட்டியே, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி எழுதி வைக்க வேண்டும்.

இனி ஜிம் நண்பனுக்கு வருவோம். அவன் "கோர்ஸ்" என்பது பெரும்பாலும் தசை வளர்க்கிற அனபாலிக் ஸ்டீராய்டு. மருந்துச் சீட்டு இல்லாமல் இந்த நாட்டில் விற்கவே கூடாத சரக்கு, அவன் கையில் இருப்பதில் உள்ளே என்ன இருக்கிறது என்று அவனுக்கும் தெரியாது. வளரும் வயதில் அது எலும்பு நுனியில் இருக்கிற வளர் தகடுகளைச் சீக்கிரம் மூடிவிடும், உயரம் அங்கேயே நின்றுவிடும். உடம்பு தன் சொந்த ஹார்மோனைச் சுரப்பதை நிறுத்தும், விதைப்பை சுருங்கும், சில பையன்களுக்கு மார்பு வீங்கும், நல்ல கொலஸ்ட்ரால் விழும், மருந்தை நிறுத்திய பிறகு வருகிற மனச்சோர்வு சாதாரணமானதல்ல. இது பையன்களைப் பயமுறுத்த நான் சொல்கிற கதை இல்லை. நம் நாட்டுப் பள்ளி ரக்பி விழாக்களில் மாணவர்கள் ஸ்டீராய்டோடு பிடிபட்டிருக்கிறார்கள், ஒருமுறை இருமுறை இல்லை. பல்கலைக்கழக உதவித்தொகை, ஒப்பந்தம் என்று பெரியவர்கள் காட்டுகிற ஆசைதான் பிள்ளைகளை அங்கே கொண்டுபோய் விடுகிறது, அதில் பெற்றோரும் இருக்கிறார்கள் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கடையில் விற்கிற புரதப் பொடி, "ப்ரீ வொர்க்அவுட்" டப்பா இவற்றிலும் கவனம் வேண்டும். ஜெர்மனியின் கோலோன் ஆய்வகம் 2000, 2001-இல் பல நாடுகளில் வாங்கிய 634 ஊட்டப் பொருட்களைச் சோதித்ததில் 94-இல் லேபிளில் எழுதாத ஹார்மோன் பொருட்கள் இருந்தன. விதியோ, உன் உடம்பில் இருப்பதற்கு நீயே பொறுப்பு என்கிறது. 2012 காம்ரேட்ஸ் மாரத்தானில் முதலாவதாக வந்த லட்விக் மமபோலோவின் சோதனையில் மெதில்ஹெக்ஸனமீன் என்ற தூண்டு மருந்து இருப்பதாகச் செய்தி வந்தது, சோதனை நடத்திய விதத்தில் குறைகள் இருந்ததால் மறு ஆண்டுதான் விடுவிக்கப்பட்டார். அந்த இடைப்பட்ட மாதங்களை அவருக்கு யார் திருப்பிக் கொடுப்பார்கள்? ஓடுகிற பையனுக்குப் பால், முட்டை, பருப்பு, கோழி, நல்ல தூக்கம் போதும். எதையாவது வாங்கியே ஆக வேண்டும் என்றால் தொகுதி வாரியாகச் சோதித்த முத்திரை இருப்பதை மட்டும் வாங்குங்கள், அதுவும் அபாயத்தைக் குறைக்குமே தவிர முழுதாக நீக்காது.

ஆஸ்துமா விஷயம். சால்புட்டமால் இன்ஹேலர் (நீல நிறத்தில் வருவது) அனுமதிக்கப்பட்டது: 24 மணி நேரத்தில் 1,600 மைக்ரோகிராம் வரை, எந்த 8 மணி நேரத்திலும் 600-ஐத் தாண்டக் கூடாது. ஒரு அழுத்தத்துக்கு 100 மைக்ரோகிராம் என்றால் எட்டு மணி நேரத்துக்கு ஆறு அழுத்தம். அதற்கு மேல் தேவைப்பட்டால் ஊக்கமருந்துக் கவலையை விடுங்கள், உடனே டாக்டரிடம் போக வேண்டிய நிலை அது. தினமும் இழுக்கிற பியூடசோனைடு, பெக்ளோமெதசோன் போன்றவையும் இன்ஹேலராக எடுத்தால் தடையில்லை, டப்பாவில் ஸ்டீராய்டு என்று எழுதியிருப்பதைப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள், அது தசை வளர்க்கிற வகை இல்லை. ஆனால் பிரெட்னிசோலோன் மாத்திரை போட்டிக் காலத்தில் தடை செய்யப்பட்டது, டெர்பியூட்டலின் இன்ஹேலருக்கும் தடை உண்டு. இந்த இரண்டில் ஒன்று தேவைப்பட்டால் டாக்டரிடம் எழுதி வாங்கிச் சிகிச்சை விலக்குக்கு விண்ணப்பிக்கலாம், எப்படி என்று ஊக்கமருந்தற்ற விளையாட்டுக்கான தென்னாப்பிரிக்க நிறுவனத்தில் கேட்டால் சொல்வார்கள். பயிற்சியாளரிடம் மருந்துப் பட்டியலை எழுத்தில் கொடுத்துவிடுங்கள், பந்தயத்தன்று காலையில் நீல இன்ஹேலர் அவன் பையில் இருக்கிறதா என்று நீங்களே பார்த்து அனுப்புங்கள்.